பதிவு செய்தவர் பெயர்

பெயர் கேட்டது படிவம்.
முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம்.
எங்களுக்குக் கடைசிப் பெயர் கிடையாது.
முன்னால் ஓர் எழுத்து உண்டு, அப்பாவுடையது.
அந்த எழுத்துக்குப் பின்னாலிருக்கும் பெயருக்காக
பதினோரு வருஷம் அலைந்தவர் அவர்.
மண்டபம் முகாமில் யாரோ ஒரு கிளார்க்
சன்னாசியைச் சன்யாசி என்று எழுதிவிட,
வீட்டுக் கடன் சன்யாசிக்கு,
ரேஷன் கார்டு சன்னாசிக்கு என்றாகி,
பந்தலூருக்கும் ஊட்டிக்கும் பஸ் ஏறியே
தேய்ந்துபோனது மனுஷனின் செருப்பு.

அவர் மகள் நான்,
என் பெயர் எங்கும் தெரியக்கூடாதென்று
வருஷத்துக்கு எழுநூறு ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறேன்.
பெயரைப் பொய்யாகக் கொடுக்கவில்லை.
கொடுத்துப் பூட்டச் சொல்லியிருக்கிறேன்.
யாரிடமும் சொல்லாமல் இருப்பதற்கும்
ஒருவரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

விஷயம் இவ்வளவுதான்:
மழைநாளில் ஈரக் கழிவு என்று
நூறு கிலோ கொழுந்துக்குப் பன்னிரண்டு கிலோ
பிடிக்கிறது எங்கள் ஃபேக்டரி.
சரி, மழைக்குப் பிடிக்கட்டும்.
மண் வெடித்துக் கிடக்கிற மார்ச்சிலும்
பன்னிரண்டு.
பில் போடுவது நான்.
ஒன்றையும் இரண்டையும் தட்டுகிற விரல் என்னுடையது.

இணையத்தில் ஒரு பக்கம் திறந்தேன்.
தேதி, மழை, கழிவு.
மூன்றே பத்தி. திட்டு இல்லை, தீர்ப்பு இல்லை.
வாடகைக்கு இடம் பிடித்தது ஐஸ்லாந்தில்,
ஒரு தேயிலைச் செடிகூட நிற்காத குளிரில்.

ரசீதைப் படம் எடுத்தால்
படத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது
உப்பட்டி வளைவின் அட்சரேகை.
துடைத்தேன்.
கொழுந்து என்று எழுதியிருந்ததை இலை என்றும்
நிறுவை என்றதை எடை என்றும் மாற்றினேன்.
லயத்துப் பேச்சை வெள்ளாவி வைத்து வெளுத்தபின்
அது யார் பேச்சாகவும் இல்லை.

பனிமூட்டம் மறைத்துவிடும் என்பார்கள்
இந்தப் பக்கம் வராதவர்கள்.
மூட்டத்துக்குள் யார் இருமினாலும்
எங்களுக்குப் பெயர் தெரியும்.

ஆடியில் சேரம்பாடி லைனில் மரம் விழுந்து
இரண்டு நாள் கரண்ட் இல்லை.
பக்கமும் இரண்டு நாள் ஊமை.
மூன்றாம் நாள்தான் உறைத்தது:
சேரம்பாடியில் மரம் விழுந்தால்
ஐஸ்லாந்துக்கு எதற்குக் கரண்ட் போக வேண்டும்?
அதிலிருந்து ஒரு வாரம் பிந்தித்தான் போடுகிறேன்,
ஏழு நாளையும் சேர்த்து,
கண்ட நேரத்தில்.

நேற்று மேனேஜர் குரியாக்கோஸ் கூப்பிட்டார்.
"கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு இங்க நீ ஒருத்திதான் சுபோதினி.
யாரு இதுன்னு பாத்துச் சொல்லு."
அவர் நாற்காலியில் என்னை உட்காரவைத்து
பின்னால் நின்றார்.
தேடினேன். வந்தது. சத்தமாக வாசித்தேன்.
பதிவு செய்தவர் பெயர்: மறைக்கப்பட்டது.
தெரு: மறைக்கப்பட்டது.
தொலைபேசி: மறைக்கப்பட்டது.
சர்வர் இருக்கும் நாடு: ஐஸ்லாந்து.

"ஐஸ்லாந்துக்காரனுக்கு
நம்ம கொழுந்து மேல என்ன கோபம்?"
சிரித்தார். நானும்.
அவர் சிரிப்பு நின்றும்
பார்வை நிற்கவில்லை.
திரையையா, திரையில் தெரிகிற என்னையா,
சொல்ல முடியாது.

"மழைக் கணக்கு மட்டும்
புள்ளி வரைக்கும் சரியா இருக்கே."

மழைமானி இருப்பது பாய்லர் ரூமுக்குப் பின்னால்.
காலை எட்டு மணிக்கு அதை எடுத்து, அளந்து,
நோட்டில் எழுதுவது ஒரே ஆள்.
பெயரை மறைத்தேன், ஊரை மறைத்தேன்,
வாய்ச் சொல்லையும் மறைத்தேன்.
பதினேழு புள்ளி நாலு மில்லிமீட்டரை
அப்படியே வெளியே வைத்துவிட்டேன்.

"மழை எல்லாருக்கும் பொதுதானே சார்" என்றேன்.

உம் கொட்டினாரா என்று நினைவில்லை.
வெளியே எடைமேடையில் மூட்டை விழுகிற சத்தம்.
ஐந்தரைக்குக் கிளம்பும்போது
பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்,
முழுதாக, தமிழில்,
முன்னால் அப்பாவின் எழுத்தோடு.